ஒளியை முந்த முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாத இரவில் பத்து மணிக்கு மேல் கன்னியாகுமரிக் கடற்கரையில் தெற்கு நோக்கி நின்றால், கடலுக்குச் சற்று மேலே இரண்டு பிரகாசமான விண்மீன்கள் அருகருகே தெரியும். இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா செண்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் குடும்பம் அதுதான். அங்கிருந்து இன்று நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி, நான்கு ஆண்டும் நான்கு மாதமும் முன்பு கிளம்பியது. மாணவர்களுக்கு வானம் காட்டப் போகும் இடங்களில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கை உயர்ந்துவிடும்: "சார், ஒளியைவிட வேகமா போக முடியாதா?" அதன் பின்னாலேயே சினிமாவில் பார்த்தது, வாட்ஸ்அப்பில் வந்தது எல்லாம் கேள்வியாக வரிசை கட்டும். பல ஆண்டுகளாக அப்படி என்னிடம் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒளியின் வேகம் சரியாக எவ்வளவு?

வெற்றிடத்தில் நொடிக்கு 2,99,792.458 கி.மீ. இதில் பிழைவரம்பே கிடையாது. காரணம், 1983 முதல் மீட்டர் என்ற அளவையே ஒளியின் வேகத்தை வைத்துத்தான் வரையறுக்கிறோம். சந்திரனிலிருந்து ஒளி வர 1.3 நொடி, சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 நொடி. 2014 செப்டம்பர் 24 காலை மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தபோது, அங்கே நடந்தது இங்கே தெரிய 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. பெங்களூரில் உட்கார்ந்து கொண்டு அந்த நேரத்தில் எதையும் திருத்த வழியில்லை. அதனால்தான் கட்டளைகளை முன்கூட்டியே கலத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

"ஒளியின் வேகம்" என்ற பெயரே கொஞ்சம் குழப்பம் தருவது. இது ஒளிக்கு மட்டும் சொந்தமான வேகம் இல்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிக்கொண்டதன் ஈர்ப்பலை பூமிக்கு வந்தது. அந்த மோதலின் காமா கதிர், அதுவும் ஒரு வகை ஒளிதான், அடுத்த 1.7 நொடியில் வந்தது. 13 கோடி ஆண்டு ஓட்டத்தில் இரண்டுக்கும் இடையே இரண்டு நொடிகூட வித்தியாசம் இல்லை. ஒளிக்கும் ஈர்ப்புக்கும் ஒரே எல்லை. ஒரு செய்தி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர இயற்கை விதித்திருக்கும் உச்சவேகம் என்று இதைப் புரிந்துகொள்வதே சரி.

இன்னும் வலுவான எஞ்சின் செய்தால் முந்திவிடலாம் அல்லவா?

இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். 1964-இல் வில்லியம் பெர்டோஸி என்ற இயற்பியலாளர் எலெக்ட்ரான்களை முடுக்கி 8.4 மீட்டர் தூரம் ஓடவிட்டு நேரம் கணித்தார். பள்ளியில் படிக்கும் நியூட்டன் கணக்குப்படி பார்த்தால், அவர் கொடுத்த அதிகபட்ச ஆற்றலுக்கு எலெக்ட்ரான்கள் ஒளியைப் போல ஏழு மடங்குக்கு மேல் வேகமாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆற்றலை ஏற்ற ஏற்ற வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கியதே ஒழியத் தாண்டவில்லை. கொடுத்த ஆற்றல் தொலைந்து போனதா என்றால் அதுவும் இல்லை. எலெக்ட்ரான்கள் மோதிய உலோகத் தகடு எவ்வளவு சூடேறியது என்று அளந்தார், முழு ஆற்றலும் அங்கே வந்து சேர்ந்திருந்தது.

இதன் உச்சத்தை செர்ன் ஆய்வகத்தின் 27 கி.மீ. வளையத்தில் பார்க்கலாம். அங்கே புரோட்டான்கள் நொடிக்கு 11 ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகின்றன. 6.5 டெரா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தைவிட நொடிக்கு 3 மீட்டர்தான் குறைவு. சைக்கிளை நிதானமாக மிதிக்கும் வேகம் அது. ஒரு நகரத்துக்குத் தேவையான மின்சாரத்தை இழுத்துக்கொண்டு இயங்கும் ஓர் எந்திரத்தால், மனிதன் செய்ததிலேயே மிகப் பெரியது என்று சொல்லத்தக்க ஓர் எந்திரத்தால், அந்த 3 மீட்டரைத் தாண்ட முடியவில்லை. நிறை உள்ள எந்தப் பொருளுக்கும் அந்தக் கடைசித் துளி வேகத்துக்கு முடிவில்லாத ஆற்றல் வேண்டும்.

ஒலியின் வேகத்தையும் தாண்ட முடியாது என்றுதானே சொன்னார்கள்?

இந்த ஒப்பீடு கேட்பவர் மனதில் நம்பிக்கையிலிருந்து பிறக்கிறது, அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே வகை இல்லை. 1947 அக்டோபர் 14-இல் சக் யேகர் விமானத்தில் ஒலியை முந்துவதற்கு வெகு காலம் முன்பே துப்பாக்கித் தோட்டா ஒலியை முந்திக்கொண்டிருந்தது. சாட்டையைச் சொடுக்கும்போது 'படீர்' என்று கேட்கிறதே, அது சாட்டையின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டும் ஓசை. மாட்டுவண்டிக்காரர்கள் தினமும் தாண்டிய எல்லை அது. விமானத்தின் இறக்கை தாங்குமா என்பதுதான் அன்றைய சந்தேகம்; இயற்கையே அனுமதிக்காது என்று இயற்பியல் சொன்னதில்லை. ஒளிக்கு அப்படி ஒரு சாட்டை நுனியை இதுவரை யாரும் கண்டதில்லை.

அப்படியானால் மனிதன் ஆயுளுக்குள் தொலைதூர விண்மீனுக்குப் போகவே முடியாதா?

ஒளியை முந்த முடியாது என்றதும் எல்லாரும் இப்படித்தான் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு ஒரு கதவை அடைத்தபோதே இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

உள்ளங்கையை விரித்து வானத்தைப் பார்த்து நீட்டுங்கள். ஏறக்குறைய நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் மியூவான் என்ற துகள்கள் அதன் ஊடே போய்க்கொண்டிருக்கின்றன. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதி, 10 முதல் 15 கி.மீ. உயரத்தில் பிறந்தவை அவை. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் இவற்றை இரவு பகலாக எண்ணுகிறார்கள். ஒரு மியூவானின் சராசரி ஆயுள் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும், பெரும்பாலானவை வழியிலேயே அழிந்திருக்க வேண்டும். ஆனால் அவை உங்கள் கையை எட்டுகின்றன. ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் போகும் பொருளுக்குக் காலம் மெதுவாக ஓடுவதுதான் காரணம். இதைத்தான் காலவிரிவு என்கிறார்கள். செர்னில் இருந்த வேறொரு சிறிய வளையத்தில் 1970-களில் மியூவான்களைச் சுற்றவிட்டு அளந்தபோது அவற்றின் ஆயுள் சுமார் 29 மடங்கு நீண்டது. கணக்கு சொன்னதும் அதையேதான்.

இப்போது கப்பலுக்கு வாருங்கள். தரையில் நாம் உணரும் எடையையே பயணிகளும் உணரும் அளவுக்குச் சீராக முடுக்கி, பாதி வழியில் திரும்பி அதே அளவுக்குக் குறைத்துக்கொண்டே போகும் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். ஆல்ஃபா செண்டாரிக்குப் போக பூமிக் கணக்கில் 6 ஆண்டு, கப்பலில் இருப்பவருக்கு 3.6 ஆண்டு. நம் பால்வழியின் மையம் 26,000 ஒளியாண்டு. கப்பலில் இருப்பவருக்கு அதற்கு 20 ஆண்டுதான் ஆகும். இருபது வயதில் ஏறியவர் நாற்பதில் இறங்குவார். ஒளியை முந்தவே இல்லை.

விலைதான் பெரிது. அதற்குத் தேவைப்படும் எரிபொருளைச் சுமக்கும் கப்பலை நம்மால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. இன்னொரு விலை மனதுக்கானது: அவர் இறங்கும்போது இங்கே 26,000 ஆண்டுகள் போயிருக்கும். வழியனுப்ப வந்த யாரும் இருக்க மாட்டார்கள், அவர் பேசிய மொழியும் இருக்காது.

ஒளியை முந்தினால் காலத்தில் பின்னோக்கிப் போய்விடுவோம் என்கிறார்களே, ஏன்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஆற்றல், எரிபொருள், எஞ்சின் ஆகிய சிக்கல்கள் எல்லாம் ஒருநாள் தீர்ந்துவிடலாம் என்று நம்புபவர்கள்கூட இங்கே வந்து நின்று யோசிக்க வேண்டும். ஒரு கதையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அக்கா பூமியில் இருக்கிறாள். தம்பி ஒளியின் வேகத்தில் 80 சதவீத வேகத்தில் போகும் கப்பலில் கிளம்புகிறான். இருவரிடமும் கடிகாரம் இருக்கிறது, கிளம்பும்போது இரண்டும் பூஜ்யம். நொடிப் பொழுதில் எத்தனை தூரத்துக்கும் செய்தி அனுப்பும் கருவியும் இருவரிடமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

பத்தாவது ஆண்டில் அக்கா வீட்டை விற்றுவிட்டு, "ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டேன்" என்று தம்பிக்குச் செய்தி அனுப்புகிறாள். அக்காவின் கணக்கில், வேகமாகப் போகும் தம்பியின் கடிகாரம் மெதுவாக ஓடும், அதனால் செய்தி போய்ச் சேரும்போது அதில் 6 ஆண்டு காட்டும். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் தம்பியின் கணக்கில் கப்பல் நிற்கிறது, பூமிதான் அவனை விட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே அவனுக்கு அக்காவின் கடிகாரம்தான் மெதுவாக ஓடுகிறது. அவன் கடிகாரம் 6 காட்டும் அதே கணத்தில் பூமியில் 3.6 ஆண்டுதான் ஆகியிருக்கிறது. இருவரில் யார் சொல்வது சரி? இருவரும் சொல்வது சரி. "ஒரே நேரத்தில்" என்பது எல்லாருக்கும் பொதுவானது இல்லை என்பதுதான் 1905-இல் ஐன்ஸ்டைன் கண்டுபிடித்ததன் உயிர்நாடி.

தம்பி உடனே "ஐயோ, விற்காதே!" என்று பதில் அனுப்புகிறான். நொடியில் போய்ச் சேரும் கருவி அல்லவா? அது பூமியில் 3.6-ஆவது ஆண்டில் வந்து விழுகிறது. வீட்டை விற்க இன்னும் ஆறு ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அக்கா விற்காமல் விட்டுவிடுகிறாள். அப்படியானால் பத்தாவது ஆண்டில் அவள் எதைச் சொல்லிச் செய்தி அனுப்பினாள்? தம்பி எதற்குப் பதில் எழுதினான்?

செய்தி நொடியில் போக வேண்டும் என்றுகூட இல்லை. எல்லாத் திசையிலும், எல்லாப் பயணிகளுக்கும் ஒளியைவிடக் கொஞ்சமே வேகமாகச் செய்தி அனுப்ப முடிந்தாலும் போதும், தகுந்த வேகத்தில் போகும் ஒரு கப்பலைக் கொண்டு இதே முடிச்சைப் போட்டுவிடலாம். ஆக, சார்பியல் சரியாக இருந்து ஒளியையும் முந்த முடிந்தால், காரணத்துக்கு முன்பே விளைவு வந்துவிடும். இதைத் தவிர்க்க ஸ்டீவன் ஹாக்கிங் 1992-இல் ஓர் ஊகத்தை முன்வைத்தார்: இறந்தகாலத்துக்குப் போகும் பாதை எதுவும் உருவாகாதபடி இயற்பியல் விதிகளே தடுத்துவிடும் என்று. இன்னும் நிரூபிக்கப்படாத ஊகம்தான். ஆனாலும் நான் பணயம் வைப்பதென்றால் அந்தப் பக்கம்தான் வைப்பேன்.

டேக்கியான் என்று ஒரு துகள் ஒளியைவிட வேகமாகப் போகுமாமே?

இதில் நம் ஊர் வாசம் உண்டு. 1962-இல் பிலானியூக், தேஷ்பாண்டே, சுதர்சன் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த சுதர்சன் கோட்டயம் பக்கத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த ஈ.சி.ஜி. சுதர்சன். பின்னாளில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். ஒளியைவிட மெதுவாகப் போகும் பொருள் எல்லையைத் தாண்ட முடியாதுதான், ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கமே பிறந்த துகள் இருக்கலாமே என்று அவர்கள் கேட்டார்கள். சுதர்சன் இதற்குச் சொன்ன உவமை மறக்க முடியாதது: இமயமலையை யாராலும் ஏறிக் கடக்க முடியாது, ஆகவே மலைக்கு வடக்கே மனிதர்களே இல்லை என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அங்கேயே பிறந்தவர்கள் மலையைக் கடக்க வேண்டிய அவசியம் இல்லையே.

1967-இல் ஜெரால்ட் ஃபைன்பெர்க் அந்தத் துகளுக்கு டேக்கியான் என்று பெயர் வைத்தார். புனைகதைகள் அந்தப் பெயரை அள்ளிக்கொண்டன. துகளைத்தான் இதுவரை எந்தச் சோதனையிலும் காணவில்லை. இன்றைய கோட்பாடுகளில் டேக்கியான் தலைகாட்டினால், நாம் எடுத்துக்கொண்ட அமைப்பு நிலையற்றது என்பதற்கு அடையாளமாகத்தான் அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

2011-இல் நியூட்ரினோ ஒளியை முந்தியதாகச் செய்தி வந்ததே?

வந்தது. ஜெனீவா அருகே செர்னிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலையடிக்கு, பூமிக்குள்ளாகவே 730 கி.மீ. தூரம் அனுப்பிய நியூட்ரினோக்கள் என்ற, பாறையையும் ஊடுருவிப் போகும் மிக லேசான துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்ததாக ஓபரா என்ற குழு அந்த செப்டம்பரில் அறிவித்தது. "ஐன்ஸ்டைன் தோற்றார்" என்று தலைப்புப் போட்டவர்கள் உண்டு. அந்தக் குழு அப்படிச் சொல்லவில்லை. எங்கள் அளவீட்டில் பிழை இருந்தால் உலகம் கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்றுதான் வெளியிட்டார்கள்.

சந்தேகத்துக்குக் காரணமும் கையிலேயே இருந்தது. 1987-இல் 1,68,000 ஒளியாண்டு தூரத்தில் வெடித்த விண்மீனின் நியூட்ரினோக்கள், அதன் ஒளிக்கு வெறும் மூன்று மணி நேரம் முன்பு வந்தன. அதுவும் ஒளி அந்த விண்மீனின் உள்ளிருந்து வெளியே வரத் தாமதமானதால். ஓபரா கண்ட வேகம் உண்மையானால் அவை நான்கு ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பிழை பிடிபட்டது. ஜி.பி.எஸ். கருவியிலிருந்து வரும் கண்ணாடியிழை கேபிள் ஒன்று சரியாக முறுக்கப்படாமல் தளர்ந்திருந்தது. அதில் வந்த தாமதம் நேரக் கணக்கைக் குழப்பிவிட்டது. கடிகாரத்திலும் சிறு கோளாறு. திருத்திய பிறகு நியூட்ரினோக்கள் ஒளியின் வேகத்தை ஒட்டியே ஓடின. இதை அவமானமாகப் பலர் சொல்கிறார்கள். தங்களுக்கே நம்ப முடியாத ஒரு முடிவை மறைக்காமல் மேசைமேல் வைத்தது துணிவான செயல் என்றே எனக்குப் படுகிறது.

வார்ப் டிரைவ் சாத்தியமா? கதையில் வந்ததா, அறிவியலில் வந்ததா?

முதலில் கதையில். 1966-இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடர் அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டு போனது. மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் அல்குபியெர் கார்டிஃப் நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது அந்தத் தொடர் தந்த பொறியில்தான் யோசிக்கத் தொடங்கினார். 1994-இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே "வார்ப் டிரைவ்" இருக்கிறது.

யோசனை இது. விமான நிலையத்தில் நகரும் நடைபாதை இருக்கிறது அல்லவா? அதில் நின்றபடியே போகிறீர்கள், கால் அசையவில்லை. அதுபோலக் கப்பல் தன் இடத்தில் சும்மா இருக்கும். அதைச் சுற்றிய வெளி முன்னால் சுருங்கி, பின்னால் விரியும். கப்பலைச் சுமந்த குமிழி நகரும். வெளிக்குள் எதுவும் ஒளியை முந்தக் கூடாது என்பதுதான் விதி, அந்த வெளி தானே விரிவதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளை இது மீறவில்லை.

ஆனால் அந்தக் குமிழியைக் கட்ட எதிர்மறை ஆற்றல் வேண்டும். நாம் அறிந்த பொருள் எல்லாம் ஈர்க்கும், இது விலக்க வேண்டும். வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே அப்படி ஒன்று துளியளவு தோன்றுகிறது. 1948-இல் காசிமிர் கணித்து, பின்னர் சோதனையில் அளந்ததும் உண்டு. தேவைப்படும் அளவோ வேறு. 1997-இல் ஃபென்னிங், ஃபோர்டு இருவரும் கணக்குப் போட்டபோது, காணும் பிரபஞ்சத்தில் உள்ள மொத்தப் பொருளையும்விட அதிகம் என்று வந்தது. குமிழியின் வடிவத்தை மாற்றி அதைச் சில சூரியன்கள் அளவுக்கு 1999-இல் வான் டென் புரூக் குறைத்தார். எதிர்மறை என்பதை அவராலும் நீக்க முடியவில்லை.

இதைவிட எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது வேறொன்று. குமிழி ஒளியை முந்திவிட்டால், கப்பலில் இருப்பவர் அனுப்பும் எந்தச் சைகையும் குமிழியின் முன்சுவரை எட்டாது. அதாவது உள்ளே இருப்பவரால் அதைத் திருப்பவோ நிறுத்தவோ முடியாது. ரயிலைப் போல யாராவது முன்பே போய்த் தண்டவாளம் போட்டு வைக்க வேண்டும், அப்படிப் போகிறவர் ஒளியைவிட மெதுவாகத்தான் போக வேண்டும்.

2021-இல் பாப்ரிக், மார்டைர் இருவரும் எதிர்மறை ஆற்றல் இல்லாத வார்ப் குமிழிகளைக் காட்டினார்கள். அவை ஒளியைவிட மெதுவாகவே போகும். நாசா வார்ப் எஞ்சின் செய்கிறது என்று இன்றும் பகிரப்படும் செய்திக்கு வேர், 2012 வாக்கில் அங்கே ஒரு சிறு குழு செய்த மேசைச் சோதனை. உறுதியான முடிவு எதுவும் அதில் கிடைக்கவில்லை.

புழுத்துளை?

வெளியில் தொலைவில் உள்ள இரண்டு இடங்களைக் குறுக்கு வழியாக இணைக்கும் சுரங்கம் போன்றது இது. 1935-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் எழுதிய கட்டுரையில் இதன் முன்னோடி இருக்கிறது. பெயர் வைத்தவர் ஜான் வீலர். ஒளிகூட கடந்து போவதற்குள் அது அறுந்து மூடிக்கொள்ளும் என்று காட்டியவரும் அவரே. கதை அங்கேயே முடிந்திருக்கும். கார்ல் சேகன் 1985-இல் வெளியான தன் 'காண்டாக்ட்' நாவலை எழுதியபோது, நாயகியைக் கருந்துளை வழியாக அனுப்ப நினைத்து, அது சரியாக வருமா என்று இயற்பியலாளரான நண்பர் கிப் தார்னிடம் கேட்டார். கருந்துளையில் போனால் உயிர் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்த தார்ன், புழுத்துளையைத் திறந்து வைக்க என்ன வேண்டும் என்று தலைகீழாகக் கணக்குப் போட்டார். முதலில் விடையை வைத்துக்கொண்டு, எந்தப் பொருள் இருந்தால் அந்த விடை வரும் என்று தேடும் வழி. 1988-இல் மாணவர் மைக்கேல் மோரிஸுடன் அதைக் கட்டுரையாக்கினார். இங்கேயும் எதிர்மறை ஆற்றல்தான் குறுக்கே நின்றது. அதே ஆண்டு வந்த அடுத்த கட்டுரையில் புழுத்துளை இருந்தால் அதைக் கால எந்திரமாக மாற்றிவிடலாம் என்றும் காட்டினார்கள். அக்கா தம்பி முடிச்சு மறுபடியும் வந்துவிட்டது.

அறிவியல் புனைகதை நல்லது செய்ததா, கெடுதல் செய்ததா?

மேலே சொன்ன இரண்டும் நல்லதற்கு அத்தாட்சி. ஒரு தொலைக்காட்சித் தொடரும் ஒரு நாவலும் கேட்ட கேள்வி, பொதுச் சார்பியல் எதையெல்லாம் அனுமதிக்கும் என்று நாற்பது ஆண்டாக ஒரு துறையே ஆராய வழி செய்தது. 2014-இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தின் கருந்துளைக் காட்சிக்காக தார்னும் கணினி வரைகலைக் குழுவும் எழுதிய மென்பொருள், மறு ஆண்டு ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. நாசாவே 1996 முதல் 2002 வரை புதுவகை உந்துதல் இயற்பியலுக்கென ஒரு சிறு திட்டம் நடத்தியது.

கதாசிரியருக்கு ஒளியை முந்தும் கப்பல் ஏன் தேவைப்பட்டது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு காலத்தில் செவ்வாயும் வெள்ளியுமே கதைக்குப் போதுமானதாக இருந்தன. 1962-இல் மாரினர்-2 வெள்ளியை உலைக்களம் என்று காட்டியது. 1965-இல் மாரினர்-4 அனுப்பிய படங்களில் செவ்வாய் குழிகள் நிறைந்த வெற்றுப் பாலையாக இருந்தது. மனிதரைப் போன்றவரைச் சந்திக்க வேண்டுமானால் இனி விண்மீன்களுக்குத்தான் போக வேண்டும். கதை ஓட வேண்டும் என்றால் சாப்பாட்டு வேளைக்குள் போய்ச் சேர வேண்டும்.

கெடுதல் என்றால், பிரபஞ்சத்தைச் சிறியதாக நினைக்க வைத்ததைச் சொல்வேன். திரையில் விண்மீன்கள் கோடுகளாக நீண்டு, அடுத்த காட்சியில் வேறு கிரகம் வந்துவிடுகிறது. பார்த்து வளர்ந்த பிள்ளைகள், பொறியாளர்கள் இன்னும் கொஞ்சம் முயன்றால் போதும் என்று நம்புகிறார்கள். தடை பொறியியலில் இல்லை, காரணமும் விளைவும் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதில் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வது எளிதாக இல்லை.

குவாண்டம் பிணைப்பில் தகவல் நொடியில் போகிறதே?

தகவல் போவதில்லை. பிணைந்த இரு துகள்களில் ஒன்றை இங்கே அளந்தால், அங்கே அளப்பதோடு பொருந்தும். ஆனால் இங்கே என்ன விடை வரும் என்பது நம் கையில் இல்லை, அதனால் அதில் செய்தி எதையும் ஏற்ற முடியாது. பொருத்தம் இருந்தது என்பதைக்கூட, பிறகு போனிலோ கடிதத்திலோ ஒப்பிட்டால்தான் தெரியும்.

தொலைதூரப் பால்வழிகள் ஒளியைவிட வேகமாக விலகுகின்றனவாமே?

ஆம், உண்மை. சுமார் 1,400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பவை அப்படித்தான் விலகுகின்றன. இடையில் உள்ள வெளி விரிவதால் வருவது அது. எந்தப் பால்வழியும் தன் பக்கத்தில் ஓடும் ஒளியை முந்தவில்லை.

அணு உலையில் நீல ஒளி வருவது ஒளியை முந்துவதால்தான் என்று படித்தேன்.

சரியாகப் படித்திருக்கிறீர்கள். நீருக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2,25,000 கி.மீ.தான் போகும். டிராம்பேயில் கட்டிய அப்சரா போன்ற, நீர்த்தொட்டிக்குள் அமைந்த உலைகளில் எலெக்ட்ரான்கள் அந்த வேகத்தைத் தாண்டும்போது நீல ஒளிர்வு எழுகிறது. செரன்கோவ் ஒளி என்று பெயர். வெற்றிடத்தின் எல்லையை அவை தாண்டவில்லை.

ஒளியின் வேகம் நம் முன்னோருக்கு முன்பே தெரியும் என்கிறார்களே? ரேவதி கதையில் காலவிரிவு இருக்கிறதே?

பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்தில் வாழ்ந்த சாயணர், ரிக்வேத உரையில் சூரியனைப் பற்றி "அரை நிமேஷத்தில் 2,202 யோசனை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். நிமேஷம் என்பது கண் இமைக்கும் நேரம், இன்றைய நிமிடம் இல்லை; யோசனை என்பது பழைய தூர அளவு. அது உண்மை. ஒரு யோசனைக்கு எத்தனை கி.மீ. என்பது நூலுக்கு நூல் மாறும். அதில் பொருந்துகிற ஒன்றை இன்று தேர்ந்தெடுத்துப் பெருக்கினால் ஒளியின் வேகம் வருகிறது, வேறொன்றை எடுத்தால் வராது. எப்படி அளந்தார் என்ற குறிப்பும் இல்லை. 1676-இல் ஓலே ரோமர், வியாழனின் துணைக்கோள் ஐயோ மறையும் நேரம் முன்பின்னாக வருவதைப் பல ஆண்டு குறித்து வைத்து, ஒளி வந்து சேர நேரம் எடுக்கிறது என்று காட்டினார். யாரும் மறுபடி செய்து பார்க்கும்படி வழியையும் சேர்த்துக் கொடுத்தார்.

பாகவதத்தில் மன்னர் ககுத்மி மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை பார்க்க பிரம்மலோகம் போய், ஒரு பாட்டு முடியும்வரை காத்திருந்து திரும்பினால் பூமியில் யுகங்கள் கடந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கதை. பிள்ளைகளுக்குக் காலவிரிவைச் சொல்லும் முன் இதைத்தான் சொல்கிறேன். ஆனால் எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு காலம் என்று கதை சொல்லாது, மியூவான் சொல்லும். நம் பேச்சில் "வாயுவேகம், மனோவேகம்" என்று சொல்கிறோமே, அந்த ஆசைக்கு அளவுகோல் தேவைப்படவில்லை, அது அழகாகவே இருக்கிறது.

இன்று நம்மிடம் இருக்கும் வேகம் எவ்வளவு?

மனிதன் செய்ததில் மிக வேகமானது பார்க்கர் சூரியக் கலம். 2024 டிசம்பர் 24-இல் சூரியனை நெருங்கியபோது மணிக்கு சுமார் 6,92,000 கி.மீ. இது ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போகும் வாயேஜர்-1, ஆல்ஃபா செண்டாரி குடும்பத்தின் பிராக்ஸிமா வரை உள்ள தூரத்தைக் கடக்க சுமார் 75,000 ஆண்டு ஆகும். லேசர் ஒளியால் பாயை உந்தி, சில கிராம் எடையுள்ள கலங்களை ஒளியின் ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் கொண்டு போகலாம் என்று 2016-இல் ஸ்டார்ஷாட் திட்டம் முன்மொழிந்தது. அப்படி நடந்தால் பயணம் 20 ஆண்டு. ஆய்வுக்கூடத்தைத் தாண்டி அது இன்னும் வெளியே வரவில்லை.

ஒளி போதிய வேகம் இல்லை என்று யாராவது உண்மையில் தவித்திருக்கிறார்களா?

2023 நவம்பரில் வாயேஜர்-1 திடீரென்று அர்த்தமில்லாத தரவுகளை அனுப்பத் தொடங்கியது. கலத்தின் கணினியில் ஒரு நினைவக சில்லு பழுதாகிவிட்டது என்று கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆயின. அதில் இருந்த நிரலை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், முழுதாக வைக்க எங்கும் இடமில்லை. துண்டு துண்டாக்கி, நினைவகத்தில் கிடைத்த இடங்களில் பிரித்து வைத்து, மறுபடி ஒன்றாக ஓடும்படி எழுதினார்கள். 46 ஆண்டு ஓயாமல் ஓடியும் அந்தக் கலம் அப்போது ஒரு ஒளிநாள் தூரத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. 2024 ஏப்ரல் 18-இல் கட்டளையை அனுப்பினார்கள். போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர இன்னொரு 22 மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தைக் குறைக்க யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஏப்ரல் 20-இல் பதில் வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக, தன் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று அந்தக் கலம் புரியும்படி சொன்னது.